ஆத்துக்கும் தென்காலுக்கும் நடுவுல இருக்க ஊருக்கு நூலகம் வேணுமா, வேண்டாமா?

#1 · ஆத்தங்கரை நூலகர்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயத்துல நம்ம ஆட்கள்ட்ட யோசனை கேக்கணும். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

எங்க ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்க. வடக்க தாமிரபரணி, தெக்க தென்கால்ங்கிற கால்வாய். நடுவுல ஊரும் வாழைத்தோட்டமும் வயலும். பெரிய மழைன்னா ஆத்துப்பாலமும் முங்கிரும், கால்வாய்ப் பாலமும் முங்கிரும். ரெண்டு நாளோ மூணு நாளோ நாங்க தீவு. 1992 நவம்பர்ல வந்த வெள்ளத்தப் பத்தி எங்க ஊர்ப் பெரியவங்க இன்னும் பேசுவாங்க. இந்த ஊர் நூலகத்துலதான் நான் இருபத்தெட்டு வருசம் இருந்தேன். பகுதி நேர நூலகமா இருந்தது, பிறகு ஊர்ப்புற நூலகமாச்சு. போன வருசம் ஓய்வு.

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. அந்த மழையப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல பெய்ஞ்சுது. திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்லயே நின்னு, நூத்துக்கணக்கான சனம் தண்ணிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு. எங்க நூலகத்துல நாலாவது தட்டு வரைக்கும் தண்ணி. செவ்வாக்கிழமை கதவத் தொறந்தா, கீழ்த்தட்டுப் புத்தகமெல்லாம் ஊறி உப்பி, இரும்பு ரேக்கையே வளைச்சுட்டு நிக்கி. ஒண்ணக்கூட உருவ முடியல. மேல் ரெண்டு தட்டு மட்டும் தப்பிச்சுது.

அதுபோக இன்னொரு கூட்டமும் தப்பிச்சுது. அரையாண்டுப் பரீட்சை முடியப்போற நேரம், முன்னாடியே பிள்ளைங்க நிறைய எடுத்துட்டுப் போயிருந்தாங்க. அந்தப் புத்தகமெல்லாம் மச்சு வீட்டுல, பரண்ல, பள்ளிக்கூட மாடில இருந்து முழுசா திரும்பி வந்துச்சு. வெளிய போன புத்தகம் பிழைச்சுது, பத்திரமா பூட்டி வச்சது செத்துப்போச்சு.

இப்ப ஒரு பேச்சு வந்திருக்கு. எங்க ஊர்ல திரும்ப நூலகம் வைக்காம, பாலம் தாண்டி ஆறு கிலோமீட்டர்ல இருக்க கிளை நூலகத்தோட சேத்துரலாம்னு. தண்ணி வார இடத்துல எதுக்குத் திரும்பவும் புத்தகம்னு கேக்காங்க. நாங்க துண்டுபட்டுக் கிடக்க அந்த மூணு நாளைக்குத்தான் உள்ளேயே ஒரு நூலகம் வேணும்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன நினைக்கியள்?

#2 · ஏரல்காரி

அண்ணாச்சி, படிக்கவே நெஞ்சு அடைக்கி. எங்க கடைவீதி பட்ட பாடு எனக்குத் தெரியும். சேக்க விடாதீங்க. எங்க ஆச்சிக்கு எண்பது வயசு. நூலகத்துப் பெரிய எழுத்துப் புத்தகம்தான் அவளுக்குத் துணை. ஆறு கிலோமீட்டர்னா அவ போவாளா?

#3 · பாளை ஜங்ஷன்

அண்ணாச்சி, கோவப்படாம கேளுங்க. நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கேன். தினமும் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போறவன். அங்க இடம், வெளிச்சம், பழைய கேள்வித்தாள், கணினி எல்லாம் இருக்கு. எங்க சொந்த ஊர்லயும் ஒரு ஊர்ப்புற நூலகம் உண்டு. காலைல நாலு பேர் பேப்பர் படிப்பாங்க, பிறகு யாரும் இல்ல. தமிழ்நாட்டுல 4,600க்கு மேல பொது நூலகம் இருக்கு. எல்லாத்துக்கும் புதுப் புத்தகம், ஆள், கரண்ட் பில்லுன்னு பங்கு வச்சா ஒண்ணுக்கும் உருப்படியா கிடைக்காது. ஒரு நல்ல கிளை நூலகம், அதுக்கு ஒரு பஸ் வசதி. இது தப்பான யோசனையா? பழைய நூலெல்லாம் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்துல ஃபோன்லயே கிடைக்கி.

#4 · ஆத்தங்கரை நூலகர்

தம்பி, கோவமே இல்ல. கேக்க வேண்டியதத்தான் கேட்டிருக்கிய. நீங்க பாளைக்குப் போறது சரி. தேர்வுக்குப் படிக்கிறவனுக்கு மாவட்ட மைய நூலகம்தான் இடம். எங்க ஊர்ப் பையன் எவன் கேட்டாலும் நானே அங்கதான் அனுப்புவேன்.

ஆனா எங்க நூலகத்துக்கு வந்தது யாருன்னு பாருங்க. பீடி சுத்துற பொம்பளைங்க. அவங்களால வந்து உக்காந்து படிக்க முடியாது, பீடித் தட்ட மடியில வச்சா எந்திரிக்க நேரமில்ல. எட்டாங்கிளாஸ் படிக்கிற பிள்ள ஒண்ணு சாயங்காலம் வந்து ஒரு தொடர்கதைப் புத்தகம் எடுத்துட்டுப் போகும். திண்ணைல அஞ்சாறு பேர் இலை வெட்டிச் சுத்துவாங்க, இது சத்தம் போட்டு வாசிக்கும். என் பதிவேட்டுல அது ஒரு வாசகர், ஒரு நூல். கேட்டது ஆறு பேர். வாசகர் எண்ணிக்கை குறைவுன்னு எழுதும்போது இந்த ஆறு பேரும் கணக்குல வரல.

வாழை போட்டவருக்கு இலைப்புள்ளி நோய்ப் புத்தகம் வேணும். பஞ்சாயத்துல மனு எழுதணும்னா மாதிரி பாக்க வருவாங்க. முதியோர் பென்சன் படிவத்த நிரப்பிக் குடுத்தது நூலகம்தான். இதெல்லாம் ஃபோன்ல கிடைக்கும்னு சொல்லலாம். அந்த டிசம்பர்ல மூணு நாள் கரண்டும் இல்ல, டவரும் இல்ல. பள்ளிக்கூட மாடில அத்தன சனம். பிள்ளைங்க அழாம இருந்தது ரெண்டு கதைப் புத்தகத்தாலதான். ஒருத்தி மெழுகுவர்த்திய வச்சுக்கிட்டு வாசிச்சா, மத்தது சுத்தி உக்காந்து கேட்டுச்சு. எத்தன தடவ வாசிச்சான்னு அவளுக்கே தெரியாது.

#5 · பழைய ஏடு

நல்ல விவாதம். ஒரு சட்ட விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். இது யாரும் போடுகிற தர்மம் இல்லை. சென்னை மாகாணத்தின் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது, சுதந்திர இந்தியாவில் மாநில அளவில் முதல் நூலகச் சட்டம். 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னால் இருந்து உழைத்தவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், சட்டமாகக் கொண்டுவந்தவர் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம். சொத்து வரியோடு நூலக வரி என்று ஒன்று அப்போதே வைத்தார்கள். தொடக்கத்தில் ரூபாய்க்கு ஆறு பை (அந்தக் காலத்துச் சில்லறைக் காசு), இப்போது ரூபாய்க்குப் பத்து பைசா. உங்கள் ஊர் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி தனியாக இருக்கும். ஆற்றுக்கு நடுவில் இருக்கிற வீட்டுக்காரரும் அதைக் கட்டியிருக்கிறார்.

ரங்கநாதன் 1931இல் சொன்ன ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. நூலகர் அண்ணாச்சி சொன்ன 'வெளியே போன புத்தகம் பிழைத்தது' என்பதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்கிற பொறியாளர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூலகத்துக்கு மக்கள் வர முடியாவிட்டால் நூலகம் மக்களிடம் போக வேண்டும் என்று தொண்ணூறு வருடத்துக்கு முன்பே நம் மண்ணில் செய்து காட்டிவிட்டார்கள்.

#6 · பாளை ஜங்ஷன்

பழைய ஏடு ஐயா, வரி விஷயம் எனக்குத் தெரியாது. எங்க வீட்டு ரசீதையும் பாத்தேன், இருக்கு. திண்ணைல வாசிக்கிற பிள்ளையப் பத்தியும் நான் யோசிக்கல. ஆனாலும் பணம் கொஞ்சம்தான், வெள்ளம் திரும்ப வரும். அதுக்குப் பதில் வேணும்.

#7 · தோணிக்காரன் மகள்

தூத்துக்குடியில இருந்து எழுதுதேன். எங்க அப்பா தோணியில மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போனவங்க. வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், ஜல்லி. வளந்து நானும் அங்கயே ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்துல நாலு வருசம் டீச்சரா இருந்தேன். அதனால தீவுல நூலகம் எப்படி நடக்கும்னு கண்ணால பாத்திருக்கேன்.

மாலத்தீவுன்னா சுமார் 1,200 தீவு, ஆட்கள் குடியிருக்கிறது 200க்கும் குறைவு. தலைநகர் மாலேயில தேசிய நூலகம் இருக்கு, 1945ல ஆரம்பிச்சது. நல்ல நூலகம். ஆனா எங்க தீவுல இருந்து மாலேக்கு ராத்திரி பூரா படகு. அங்க இருக்க புத்தகம் எங்களுக்கு இருந்தும் இல்லாதது மாதிரிதான். நான் போன புதுசுல பதினாலு நாள்ல திருப்பணும்னு அட்டையில எழுதினேன். ஒருத்தரும் ஒழுங்கா திருப்பல. பிறகுதான் புரிஞ்சுது, மீன்பிடிக்கப் போற அப்பாமாரும் பக்கத்துத் தீவுக்கு ஆச்சியப் பாக்கப் போற பிள்ளைங்களும் படகு வார நாளக் கணக்கு வச்சுத்தான் வாழுதாங்க. தவணைத் தேதிய எடுத்துட்டு, 'அடுத்த சரக்குப் படகு வரைக்கும்'னு மாத்தினேன். எல்லாம் திரும்பி வந்துச்சு.

அண்ணாச்சி, நம்மூர்ல ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு மட்டும் தவணைய நீட்டுங்க. புரட்டாசி கடைசியிலயே பாதிப் புத்தகத்த வீடு வீடா ஏத்தி விட்டுருங்க, தை பொறந்ததும் திருப்பட்டும். ரேக்குல இருக்கதே குறைஞ்சா வெள்ளம் வந்து எதக் கொண்டு போகும்?

#8 · ஆத்தங்கரை நூலகர்

மகளே, இத எனக்கு இருபத்தெட்டு வருசமா யாரும் சொல்லல. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தி குடுத்துட்டு, அறுப்புக்கு முந்தி வாங்கிரலாம். எங்க ஊர்க்காரங்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

#9 · பாம்பன் மருமகள்

நான் அம்பாசமுத்திரம், வாக்கப்பட்டது தங்கச்சிமடம். ராமேஸ்வரம் தீவு இப்ப தீவு மாதிரியே தெரியாது. 1914ல ரயில் பாலம், 1988ல ரோட்டுப் பாலம், இப்ப 2025ல புது ரயில் பாலமும் வந்தாச்சு. ஆனா 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே போச்சு, ரயில் பாலமும் உடைஞ்சுது. எங்க மாமியார் அந்தக் கதைய இன்னைக்கும் சொல்லுவாங்க.

நூலகம்னதும் எனக்கு அப்துல் கலாம் ஐயா தன் வாழ்க்கை வரலாற்றுல சொன்ன ரெண்டு விஷயம் ஞாபகம் வருது. ஒண்ணு, யுத்த காலத்துல ராமேஸ்வரத்துல ரயில் நிக்காம போகும், பேப்பர் கட்ட ஓடுற ரயில்ல இருந்து வீசுவாங்க. அத எடுத்துக் குடுக்க அவரோட ஒன்னுவிட்ட அண்ணன் சம்சுதீனுக்கு உதவியாப் போனதுதான் அவர் பாத்த முதல் வேலை. இன்னொண்ணு, ஊர்ல எஸ்.டி.ஆர். மாணிக்கம்னு ஒரு தேசியவாதி. அவர் வீட்டுல நிறையப் புத்தகம் இருந்துச்சு, கேட்டு வாங்கிப் படிப்பாராம். ஒரு பையனுக்கு அந்தத் தீவுல நூலகமா இருந்தது ஒரு மனுசரோட வீடு. ஓடுற ரயில்ல இருந்து விழுந்த கட்டும் அதுல சேத்தி.

அதனால கட்டடம் பெருசா சின்னதான்னு பேசுறதுக்கு முன்னாடி, யார் கையில சாவி இருக்குன்னு கேளுங்க. அண்ணாச்சி ஓய்வு பெற்ற பிறகு அங்க ஆள் போட்டாச்சா?

#10 · ஆத்தங்கரை நூலகர்

இல்லம்மா. வேற ஊர் நூலகர் கூடுதல் பொறுப்புல வாராரு. வாரத்துக்கு ரெண்டு நாள். நல்ல மனுசர், ஆனா பாலத்துக்கு அந்தப்பக்கம் இருந்து வரணும். பாலம் முங்கினா அவர் வர முடியாது. பாம்பன் மருமக கேட்டது சரியான கேள்வி. சாவி ஊருக்குள்ள இருக்கணும்.

#11 · நாலுமுக்கு பேத்தி

எங்க தாத்தா பாட்டி மாஞ்சோலைக்கு மேல நாலுமுக்கு எஸ்டேட்ல தேயிலை பறிச்சவங்க. சுத்தித் தண்ணி இல்ல, காடு. ஆனா அதுவும் தீவுதான். மணிமுத்தாறு ரோட்டுல மண் சரிஞ்சா பஸ் ஏறாது. கல்லிடைக்குறிச்சியில இருந்து வார பஸ் கண்டக்டர்தான் வாரப் பத்திரிகை கொண்டு வருவாரு, ஒரு லைன் வீடு முழுக்கச் சுத்தும், அட்டை கிழியுற வரைக்கும். இப்ப அந்த லைன் வீட்டுல நிறைய காலி. நான் தமிழ் எம்.ஏ. படிச்சது அந்தக் கிழிஞ்ச பத்திரிகைலதான் ஆரம்பிச்சுது. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. மூட விடாதீங்க.

#12 · பெர்கன் தென்காசியான்

நார்வேயில பெர்கன் பக்கம் வேலை பாக்கேன், சொந்த ஊர் தென்காசி. இங்க கடற்கரைத் தீவுகளுக்கும், மலைக்கு நடுவுல கடல் புகுந்து கிடக்க ஃபியோர்டு ஊர்களுக்கும் 'எபோஸ்'னு ஒரு புத்தகப் படகு போய்க்கிட்டு இருந்துச்சு. 1963ல கட்டினது, சுமார் 6,000 புத்தகம் ஏத்தும். இலையுதிர் காலத்துல ஒரு சுற்று, வசந்த காலத்துல ஒரு சுற்று. கூட ஒரு கலைஞரும் வந்து பிள்ளைங்களுக்கு நிகழ்ச்சி நடத்துவாரு. 2020ல நிறுத்திட்டாங்க. என்கூட வேலை பாக்குற ஒரு அம்மா சின்ன வயசுல அந்தப் படகுக்காகத் துறையில காத்து நின்னதச் சொல்லும்போது கண் கலங்குனாங்க. அவ்வளவு வசதியான நாட்டுலயே, நின்னு போனா நின்னு போனதுதான்.

#13 · ஏரல்காரி

அண்ணாச்சி, ஊறின புத்தகத்த என்ன பண்ணினிய? எங்க வீட்டுல அப்பாவோட டைரியெல்லாம் வெயில்ல காயப்போட்டு அப்பளம் மாதிரி நெளிஞ்சு போச்சு.

#14 · ஆத்தங்கரை நூலகர்

இதக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், எல்லாருக்கும் ஆகும். நானும் அன்னைக்குத் தெரியாம சில தப்பு பண்ணினேன்.

தண்ணி வடிஞ்ச உடனே நேரம் ரொம்பக் கம்மி. ரெண்டு மூணு நாள்ல பூஞ்சைக் காளான் பிடிச்சுரும், அதுவும் நம்மூர்ப் புழுக்கத்துல. நான் நாலு நாள் கழிச்சுத்தான் பாதியத் தொட்டேன், அதுல முக்காவாசி போச்சு. ரேக்குல உப்பி இறுகி நிக்கிற புத்தகத்த இழுக்கக் கூடாது, முதுகு பிஞ்சு வந்துரும். ரேக்கோட பக்கப் போல்ட்டத் தளத்தி இடம் குடுத்துட்டு எடுக்கணும். மூடியிருக்க புத்தகத்த மூடினபடியே நல்ல தண்ணில மெதுவா அலசுனா சகதி போகும். தொறந்து கழுவிராதீங்க.

நேர் வெயில் கூடவே கூடாது. ஏரல்காரி அப்பா டைரி நெளிஞ்சது அதனாலதான். நிழல்ல, காத்தோட்டத்துல, மின்விசிறிக்குக் கீழ வச்சு ஆற விடணும். இருபது முப்பது பக்கத்துக்கு ஒருக்க அச்சில்லாத வெள்ளைத் தாள் சொருகி, அது ஈரத்த உறிஞ்ச உறிஞ்ச மாத்தணும். செய்தித்தாள் வச்சா சில நேரம் அதோட மை இதுல இறங்கிரும். நான் கடைசியில பழைய வேட்டியக் கிழிச்சு சொருகினேன். முக்கால்வாசி காய்ஞ்ச பிறகு மேல பலகையும் கல்லும் வச்சா நெளியாது.

வழவழப்பான தாள்ல அச்சடிச்ச படப் புத்தகம்தான் ரொம்ப மோசம். ஈரத்தோட ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக் காய்ஞ்சா கல்லு மாதிரி ஆயிரும், பிரிக்கவே முடியாது. பிள்ளைங்களோட விலங்குப் படப் புத்தகமெல்லாம் எனக்கு அப்படித்தான் போச்சு. உடனே செய்ய முடியலன்னா பாலித்தீன்ல சுத்தி ஐஸ்பெட்டில உறைய வச்சுட்டா காளான் நிக்கும், பிறகு நிதானமா எடுத்துக் காயவைக்கலாம். மீன் கம்பெனி ஐஸ் அறை நம்ம கரையில எத்தன இருக்கு! இது அன்னைக்கு எனக்குத் தோணியிருந்தா நிறைய மிஞ்சியிருக்கும்.

இன்னொரு பெரிய தப்பு. நூல் வரவுப் பதிவேடு கீழ் அலமாரியில இருந்துச்சு. ஊதா மைல எழுதினது, கலைஞ்சு போச்சு. என்ன புத்தகம் இருந்துச்சுன்னே காட்ட முடியல. இருந்துச்சுன்னு காட்ட முடியாதத திரும்பக் கேக்கவும் முடியல. தயவு செஞ்சு எந்த நூலகரும் இத வாசிச்சா, இன்னைக்கே பதிவேட்டப் பக்கம் பக்கமா ஃபோன்ல படம் எடுத்து ரெண்டு மூணு இடத்துல வைங்க.

#15 · தோணிக்காரன் மகள்

தோணிக்கு ஐஸ் ஏத்துறவங்க எங்களுக்குத் தெரிஞ்சவங்கதான். அடுத்த தடவ ஒரு ஃபோன் போடுங்க அண்ணாச்சி. அடுத்த தடவ வராம இருக்கட்டும், ஆனா வந்தா போடுங்க.

#16 · பழைய ஏடு

பதிவேடு பற்றிச் சொன்னது மிக முக்கியம். யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981இல் மே 31 இரவும் ஜூன் முதல் தேதியும் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின, அவற்றில் வேறெங்கும் இல்லாத ஓலைச்சுவடிகளும் உண்டு. அந்த நூலகம் அமைந்தபோது ஆலோசனை சொன்னவர்களில் நம் ரங்கநாதனும் ஒருவர். பிறகு ஈழத் தமிழர்கள் 2005 முதல் 'நூலகம்' என்ற பெயரிலேயே எண்ணிம (டிஜிட்டல்) ஆவணகம் ஒன்றை நடத்தி, கிடைத்ததையெல்லாம் படியெடுத்து வைக்கிறார்கள். நெருப்போ நீரோ, ஒரே இடத்தில் ஒரே படி என்றால் ஆபத்துதான். உங்கள் ஊர்க் கோயில் கணக்கு, பழைய பள்ளி மலர், கால்வாய்ப் பாசன நோட்டு ஏதாவது நூலகத்தில் இருந்ததா?

#17 · ஆத்தங்கரை நூலகர்

இருந்துச்சு ஐயா. பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு ஐம்பது வருசத்துக்குப் போட்ட மலர். ஊர்ல ஒரே பிரதி. போச்சு.

#18 · பாளை ஜங்ஷன்

ரெண்டு நாளா எல்லாத்தையும் வாசிச்சேன். நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சுது. சேக்கிறது சரியில்ல. ஆனா பழையபடியே தரையில நாலு ரேக் போட்டு வைக்கிறதும் சரியில்ல. பள்ளிக்கூட மாடில ஒரு அறை கேக்க முடியுமா? கிளை நூலகத்துல இருந்து ரெண்டு மாசத்துக்கு ஒருக்க நூறு புத்தகம் பெட்டியில மாத்தி மாத்தி அனுப்பச் சொல்லலாம். அப்ப புதுசும் வரும், முங்கினாலும் நட்டம் கொஞ்சம்தான். நிரந்தர இருப்பு சின்னதா இருந்தாப் போதும். இத மனுவா எழுதுங்க, நான் டைப் பண்ணித் தாரேன்.

#19 · ஆத்தங்கரை நூலகர்

தம்பி, நல்லா இருப்பிய. உங்க யோசனைல ஒண்ணு மட்டும் மாத்தணும். பெட்டி நூறும் வரட்டும், ஆனா நிரந்தர இருப்பு ரொம்பச் சின்னதா ஆகிரக் கூடாது. ஒரு பிள்ள போன வருசம் எடுத்த புத்தகத்தத் திரும்பத் தேடி வரும், அது அங்கனயே இருக்கணும். அது எனக்கு முக்கியம்.

தலைமை ஆசிரியரப் பாத்தேன். மாடி அறைக்கு எழுதிக் குடுங்க, மேலிடத்துல கேக்கேன்னு சொல்லியிருக்காங்க. வாசகர் வட்டத்த நேத்து கூட்டினோம். ஏழு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபா கட்டிப் புரவலராச் சேர ஒத்துக்கிட்டாங்க, அதுல ரெண்டு பேர் பீடி சுத்துறவங்க, பாதிப் பாதியாக் கட்டுதோம்னாங்க. மனுல வீட்டு வரி ரசீது நகலையும் வைக்கப் போறோம், பழைய ஏடு ஐயா சொன்ன மாதிரி. சாவி ஒண்ணு மெழுகுவர்த்தில வாசிச்சா பாருங்க, அந்தப் பிள்ளையோட அம்மாட்ட இருக்கணும்னு கேட்டிருக்கோம். அவ இப்ப பத்தாவது.

#20 · பாம்பன் மருமகள்

பேப்பருக்கு என்ன ஏற்பாடு அண்ணாச்சி?

#21 · ஆத்தங்கரை நூலகர்

ஏஜென்ட் ஆத்துப்பாலத்து வடக்குத் தலைப்பு வரைக்கும்தான் வருவாராம். கட்ட அங்க டீக்கடைல போட்டுட்டுப் போவாரு. பால் எடுக்கப் போற பையன் ஒருத்தன் காலைல அஞ்சரைக்கு அந்தப்பக்கம் போறான், அவன் சைக்கிள்ல கொண்டாந்துருவான். நாளைக்கு மொத நாள்.